கோஜி யகுஷோ: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பெர்ஃபெக்ட் டேஸ் படத்தைப் பார்த்தவர்களில் பாதிப் பேராவது என்னிடம் வந்து "யார் இந்த மனிதர்?" என்று கேட்டுவிடுகிறார்கள். பதில் சொல்லச் சொல்ல இன்னும் நாலு கேள்வி முளைக்கிறது. பல வருடங்களாக இவர் படங்களைத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருப்பவன் நான் என்பதால் பதில் சொல்வதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரே பதிலை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளை நண்பர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

யாரு இவரு? டாய்லெட் கழுவுறவரா வந்தாரே, இதுக்கு முன்னாடி எதுலயும் பார்த்ததே இல்லையே?

கோஜி யகுஷோ. 1956 ஜனவரி 1 அன்று ஜப்பானின் தென்மேற்கே நாகசாகி மாவட்டத்தில் இசஹாயா என்ற ஊரில் பிறந்தவர், ஐந்து அண்ணன் தம்பிகளில் கடைக்குட்டி. நாற்பது வருடத்துக்கும் மேலாகத் தொலைக்காட்சியிலும் சினிமாவிலும் இடைவிடாமல் நடித்துக்கொண்டிருக்கிறார். 2023ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில், விம் வெண்டர்ஸ் இயக்கிய பெர்ஃபெக்ட் டேஸ் படத்துக்காகச் சிறந்த நடிகர் விருது வாங்கியபோது அவருக்கு வயது 67.

அதனால் வெளியே இருக்கும் நமக்கு அவர் திடீரென்று எங்கிருந்தோ வந்த மாதிரி தெரிகிறார். ஜப்பானில் அப்படி இல்லை. அங்கே ஒரு தலைமுறை அவரை வாள்வீரனாகப் பார்த்து வளர்ந்தது, அடுத்த தலைமுறை அலுவலகம் போய்வரும் குடும்பத் தலைவனாகப் பார்த்தது, இப்போதைய பிள்ளைகளில் பலர் அனிமேஷன் படங்களில் அவர் குரலைக் கேட்டு வளர்கிறார்கள். மாமோரு ஹோசோதாவின் தி பாய் அண்ட் தி பீஸ்ட் படத்தில் குமதெத்ஸு என்ற முரட்டுக் கரடிக்குக் குரல் கொடுத்தவர் இவர்தான்.

யகுஷோன்னா ஆபீஸ்னு அர்த்தமாமே, நிஜமாவா?

நிஜம்தான். இவர் சொந்தப் பெயர் கோஜி ஹஷிமோதோ. யகுஷோ என்றால் ஜப்பானிய மொழியில் அரசு அலுவலகம். நடிக்க வருவதற்கு முன்னால் இவர் தோக்கியோவில் சியோதா வட்டத்தின் மாநகராட்சி அலுவலகத்தில் வேலை பார்த்தவர், அந்த மாதிரி வட்ட அலுவலகத்தை அங்கே "குயகுஷோ" என்பார்கள். ஆபீஸிலிருந்து வந்த பையன் என்பதால் நடிப்புக் கற்றுக்கொடுத்த குருநாதர் இந்தப் பெயரை வைத்துவிட்டார்.

ஆனால் அதில் இன்னொரு அர்த்தமும் ஒளிந்திருக்கிறது. யகுஷோ என்று எழுதும் அதே இரண்டு எழுத்துகளை வேறு மாதிரி வாசித்தால் "யகுதோகொரோ", அதாவது நடிகனுக்குக் கிடைக்கும் பாத்திரம். கோஜி என்ற பெயரின் முதல் எழுத்துக்கு "விரிந்த" என்று பொருள். நீ ஏற்கும் பாத்திரங்கள் விரிந்துகொண்டே போகட்டும் என்று ஆசிர்வாதம் செய்து வைத்த பெயர் என்று எடுத்துக்கொள்ளலாம். அது அப்படியே பலித்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புதான்.

அரசாங்க வேலையை விட்டுட்டா நடிக்கப் போனாரு? எப்படித் துணிஞ்சாரு?

தொழிற்கல்வி உயர்நிலைப் பள்ளி முடித்ததும் தோக்கியோ வந்து அந்த அலுவலகத்தில் சேர்ந்தார். நடிகனாக வேண்டும் என்ற கனவோடு ஊரை விட்டு வந்தவர் இல்லை. ஒருநாள் மக்சிம் கார்க்கியின் "அடித்தளத்தில்" நாடகத்தைப் பார்க்கப் போனார். மேடையில் நடித்தவர் தத்சுயா நகதாய். மசாகி கோபயாஷியின் ஹராகிரி, அகிரா குரோசவாவின் காகேமுஷா, ரான் ஆகிய படங்களின் நாயகன் என்றால் பழைய ஜப்பானிய சினிமா பார்ப்பவர்களுக்கு உடனே தெரியும். அந்த நாடகம் அவரைப் பிடித்துக்கொண்டது.

நகதாயும் அவர் மனைவியும் சேர்ந்து 1975இல் "முமெய்ஜுகு" என்ற நடிப்புப் பள்ளியைத் தொடங்கியிருந்தார்கள், பெயரில்லாதவர்களின் பள்ளி என்று பொருள். 1978இல் அதற்கு விண்ணப்பித்த சுமார் 800 பேரில் எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் நாலே பேர், அதில் இவரும் ஒருவர். மேலே சொன்ன பெயரை வைத்ததும் நகதாய்தான். அதே பள்ளியில் பயின்ற நடிகையைத்தான் 1982இல் திருமணம் செய்துகொண்டார்.

குரோசவா படங்கள்ல நடிச்சவர்தானே?

ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம், ஏனென்றால் குரோசவா இரண்டு பேர். ஏழு சாமுராய்கள் எடுத்த அகிரா குரோசவா வேறு. யகுஷோவோடு ஒன்றாக வேலை செய்தவர் கியோஷி குரோசவா, 1955இல் பிறந்தவர், அதாவது இவரைவிடச் சில மாதங்கள்தான் மூத்தவர். இருவருக்கும் உறவும் கிடையாது, எடுக்கும் படங்களிலும் ஒற்றுமை கிடையாது. குருநாதர் நகதாய் அகிரா குரோசவா படங்களில் நடித்தவர் என்பதால் குழப்பம் இன்னும் கூடிவிடுகிறது.

கியோஷி குரோசவாவோடு இவர் சேர்ந்த படங்கள் க்யூர், லைசென்ஸ் டு லிவ், கரிஸ்மா, சேயான்ஸ், டாப்பெல்கேங்கர், ரெட்ரிப்யூஷன் என்று நீளும். டோக்கியோ சொனாட்டாவில் கொஞ்ச நேரம் திருடனாக வந்து போவார். ஒரு நடிகரும் ஓர் இயக்குநரும் இத்தனை வருடம் ஒருவரை ஒருவர் நம்பி வேலை செய்ததைப் பார்க்க வேண்டுமென்றால் இந்தப் படங்களை வரிசையாகப் பாருங்கள்.

லாஸ்ட் சாமுராய்ல டாம் குரூஸ்கூட வந்தவர் இவர் இல்லையா?

இல்லை. அது கென் வதனபே. இரண்டு பேரும் மெமோயர்ஸ் ஆஃப் எ கெய்ஷா படத்தில் ஒன்றாக நடித்திருப்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. இன்னொரு தற்செயலும் உண்டு: 2011இல் சுனாமியில் சிக்கிய ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தின் பொறுப்பாளர் மசாவோ யோஷிதாவாக ஒரு படத்தில் வதனபே நடித்தார், நெட்ஃபிளிக்ஸில் 2023இல் வந்த தி டேஸ் தொடரில் அதே யோஷிதாவாக யகுஷோ நடித்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே மனிதரை இரண்டு நடிகர்கள் எப்படி வேறு வேறு இடத்திலிருந்து பிடிக்கிறார்கள் என்று தெரியும்.

முதல்ல பேர் வாங்கிக் கொடுத்தது எது?

தொலைக்காட்சி. என்எச்கே என்ற ஜப்பானியப் பொது ஒளிபரப்பு நிறுவனம் வருடத்துக்கு ஒரு பெரிய வரலாற்றுத் தொடர் எடுக்கும், ஞாயிற்றுக்கிழமை இரவில் வருடம் முழுக்க ஓடும், "தாய்கா" தொடர் என்பார்கள். 1983இல் வந்த தொகுகவா இயேயசு தொடரில் இவருக்கு ஒதா நொபுனாகா வேடம். 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் பெரும்பகுதியைத் தன் பிடிக்குள் கொண்டுவந்த, கோபத்துக்குப் பேர்போன அந்தத் தலைவனை அங்கே தெரியாதவர்கள் கிடையாது. அதுவரை யாருக்கும் தெரியாத இளைஞன் ஒரே வருடத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்தவனானான்.

அடுத்த வருடமே என்எச்கேயின் இன்னொரு தொடரில் பேர்பெற்ற வாள்வீரன் மியாமோதோ முசாஷியாகக் கதாநாயகன். 1987 முதல் சன்பிகி கா கிரு என்ற தொடர், ஊர் ஊராகச் சுற்றும் மூன்று வாள்வீரர்களில் ஒருவர் இவர். அப்போதைய ரசிகர்களுக்கு யகுஷோ என்றால் கிமோனோவும் வாளும்தான்.

டிவியில இருந்து வந்தவரை சினிமாக்காரங்க மதிச்சாங்களா?

மதித்தார்கள், ஆனால் நேரமாயிற்று. 1985இல் ஜூசோ இதாமியின் தம்போபோ படத்தில் வெள்ளை கோட் சூட் போட்ட தாதாவாக வருவார். படம் தொடங்கியதுமே தியேட்டரில் உட்கார்ந்து, படம் ஓடும்போது நொறுக்குத் தீனி தின்று சத்தம் போடுபவர்களை மிரட்டுவாரே, அவரேதான். முட்டை மஞ்சள் கருவை உடையாமல் காதலியும் அவரும் வாய்க்கு வாய் மாற்றும் காட்சி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதற்குப் பிறகும் பத்து வருடம் பெரும்பாலும் வாள் தொடர்கள்தான். 1995இல் மசாதோ ஹராதாவின் காமிகாஸே டாக்ஸி வந்த பிறகுதான் நல்ல இயக்குநர்கள் வரிசையாகத் தேடி வரத் தொடங்கினார்கள்.

சினிமாவில் உச்சத்துக்குப் போன பிறகும் இவர் தொலைக்காட்சியை விடவில்லை, எனக்கு இவரிடம் மிகவும் பிடித்த விஷயங்களில் இது ஒன்று. மேலே சொன்ன சேயான்ஸ்கூட தொலைக்காட்சிக்காக எடுத்த படம்தான். 2017இல் டிபிஎஸ் சேனலில் ரிகுவோ என்ற தொடர் வந்தது. நூறு வருடமாகத் "தபி" என்ற பாரம்பரியக் காலுறை தைக்கும் சின்னக் கம்பெனி ஒன்று, வியாபாரம் படுத்துவிட்டதால் ஓட்டப் பந்தயக் காலணி செய்ய முயல்கிறது, அதன் முதலாளியாக யகுஷோ. வங்கியில் கடன் கேட்டு உட்கார்ந்திருக்கும்போது அவர் முதுகைப் பாருங்கள்.

ஷால் வீ டான்ஸ் ரிச்சர்ட் கியர் படம்தானே, அதுல இவர் எங்க வந்தாரு?

ரிச்சர்ட் கியர் நடித்தது 2004இல் வந்த ரீமேக். மூலப்படம் 1996இல் மசாயுகி சுவோ எடுத்தது. அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் சுகியாமா, வீட்டுக் கடனும் மனைவியும் மகளுமாக ஒழுங்காக வாழ்ந்துகொண்டிருப்பவர், மின்ரயிலில் வீடு திரும்பும்போது ஒரு நடனப் பள்ளியின் ஜன்னலில் நிற்கும் பெண்ணைப் பார்த்து இறங்கிவிடுகிறார். ஜோடி நடனம் என்றாலே கூச்சப்படும் சமூகத்தில் வீட்டுக்கும் தெரியாமல் ஆபீஸுக்கும் தெரியாமல் கற்றுக்கொள்கிறார். ஆபீஸ் மேஜைக்கு மேலே முகம் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும், மேஜைக்குக் கீழே கால் நடனம் பழகும்.

அந்த வருடத்து ஜப்பான் அகாடமி விருதுகளை அந்தப் படம் கிட்டத்தட்ட முழுவதுமாக அள்ளியது, சிறந்த நடிகர் விருது இவருக்கு. ஹாலிவுட் பதிப்பைக் குறை சொல்ல வேண்டும் என்பதில்லை, ஆனால் ரிச்சர்ட் கியர் ஆடுவதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. சுகியாமா ஆடும்போது நமக்கே வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருக்கும்.

1997தான் அவரோட வருஷம்னு சொல்றாங்களே, ஏன்?

ஒரே வருடத்தில் மூன்று படங்கள், மூன்றும் மூன்று திசை. முதலாவது ஷோஹெய் இமாமுராவின் உனாகி, விலாங்கு மீன் என்று பொருள். மனைவிக்கு வேறொருவனோடு தொடர்பு என்று ஒரு மொட்டைக் கடிதம் வருகிறது, மீன் பிடிக்கப் போன கணவன் முன்கூட்டியே வீடு திரும்பி அவளைக் கொன்றுவிட்டு, ரத்தக் கறையோடு சைக்கிள் மிதித்துப் போய்க் காவல் நிலையத்தில் சரணடைகிறான். எட்டு வருடம் கழித்து வெளியே வந்து ஆற்றோர ஊரில் முடிதிருத்தும் கடை போடுகிறான், பேச்சுத் துணை ஒரு விலாங்கு மீன் மட்டும். இந்தப் படம் கானில் ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமியின் படத்தோடு தங்கப் பனை என்ற உச்ச விருதைப் பகிர்ந்துகொண்டது. இமாமுரா அதற்குள் ஊர் திரும்பிவிட்டதால் மேடையேறி வாங்கியவர் யகுஷோ.

இரண்டாவது யோஷிமித்சு மொரிதாவின் ஷித்சுரகுயென், திருமணமான இருவருக்கிடையே வரும் காதல், ஜப்பானில் பெரிய வெற்றி. படத்தின் பெயரே அந்த வருடம் ஊர் பேசும் சொல்லாகிவிட்டது. மூன்றாவது கியோஷி குரோசவாவின் க்யூர். யார் யாரோ, சம்பந்தமே இல்லாதவர்கள், ஒரே மாதிரி கழுத்தில் பெருக்கல் குறி போட்டுக் கொல்கிறார்கள், ஏன் கொன்றோம் என்று அவர்களுக்கே தெரியாது. விசாரிக்கும் அதிகாரி தகாபேயாக யகுஷோ. இதற்குத் தோக்கியோ திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது.

சரி, மூன்று வெற்றி என்பது மட்டும் காரணமில்லை. விழாப் படம், வெகுஜனப் படம், திகில் படம் என்று ரசிகர்கள் தனித்தனிக் கூட்டமாக இருக்கும் மூன்று இடத்திலும் ஒரே வருடத்தில் ஒரே ஆள் நம்பகமாக நின்றார், அதுவும் 41 வயதில். அதற்குப் பிறகு ஜப்பானிய சினிமாவில் நடுவயது மனிதன் என்றதும் இயக்குநர்களுக்கு முதலில் தோன்றும் முகம் இவருடையதாகிவிட்டது.

யுரேகா மூணரை மணி நேரமாமே, பொறுமையா பார்க்கணுமா?

217 நிமிடம், அதுவும் பழுப்பு நிறச் சாயலில். ஷின்ஜி அவோயாமா 2000இல் எடுத்தது. ஒரு பேருந்துக் கடத்தலில் உயிர் தப்பியவர்கள் மூன்றே பேர், ஓட்டுநரும் பள்ளிக்குப் போகும் அண்ணனும் தங்கையும். ஊரை விட்டு ஓடிய ஓட்டுநர் இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்து, பேச்சை நிறுத்திவிட்ட அந்தப் பிள்ளைகளோடு தங்குகிறார், பிறகு ஒரு பழைய பேருந்தை வாங்கி அவர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறார்.

பாருங்கள், ஆனால் ஒரே மூச்சில் பார்க்க முடிகிற நாளில் பாருங்கள். கதை நடப்பது கியூஷு தீவில், யகுஷோ பிறந்த மண். பிள்ளைகள் பேச மாட்டார்கள், அவரும் அதிகம் பேச மாட்டார், சுவரைத் தட்டி மறுபக்கம் இருப்பவர் பதிலுக்குத் தட்டுகிறாரா என்று காத்திருப்பதே பேச்சு. இவர் நடித்ததிலேயே உயர்ந்தது எது என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் யுரேகா என்பேன்.

ஒன்னுமே பண்ணாம நிக்கிறாரே, இதுல என்ன நடிப்பு இருக்கு?

அடிக்கடி வரும் கேள்வி, கோபம் வராத கேள்வியும்கூட, ஏனென்றால் எனக்கும் முதலில் பிடிபடவில்லை. எங்கே பார்ப்பது என்று தெரிந்துவிட்டால் அப்புறம் கண்ணை எடுக்க முடியாது. முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள். இவர் பாத்திரங்களுக்கு எப்போதும் ஒரு வேலை இருக்கும், அந்த வேலையை அவர் பல வருடம் செய்தவரைப் போலச் செய்வார். பெர்ஃபெக்ட் டேஸுக்காக உண்மையான கழிப்பறைத் துப்புரவாளர்களிடம் வேலை கற்றுக்கொண்டார். கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியில் அழுக்கு இருக்கிறதா என்று சின்னக் கண்ணாடியை நீட்டிப் பார்க்கிறாரே, அந்த ஓர் அசைவில் அவர் நடிக்கும் ஹிராயாமா யார் என்று முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பாயை மடிப்பது, செடிக்குத் தண்ணீர் தெளிப்பது, மீசையைச் சீராக்குவது, கதவைத் திறந்ததும் அண்ணாந்து பார்ப்பது, எல்லாம் தினமும் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு நாளும் மனநிலைக்கு ஏற்றபடி இம்மியளவு மாறும்.

க்யூர் படத்தில் தகாபே வீட்டுக்கு வந்ததும் காலியாக ஓடிக்கொண்டிருக்கும் வாஷிங் மெஷினை அணைப்பார். மனைவிக்கு மனநலம் சரியில்லை, அவள்தான் போட்டிருப்பாள். அவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், பெருமூச்சு விட மாட்டார், இது எத்தனையாவது நாள் என்பது கை போகும் விதத்திலேயே தெரியும். உனாகியில் சிறையிலிருந்து வெளியே வந்த பிறகும் கைதி அணிவகுப்பு நடையிலேயே நடப்பார். ஷால் வீ டான்ஸில் தோள்பட்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிரும். எட்டு வருடச் சிறையையும், இருபது வருட ஆபீஸையும் வசனமில்லாமல் உடம்பில் கொண்டுவந்து காட்டுவதைத்தான் நான் இவருடைய நடிப்பு என்கிறேன். சில வருடம் மாநகராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து மனிதர்கள் வேலை செய்வதைப் பார்த்தவர் என்பதும் இதில் ஏதோ ஒரு பங்கு வகித்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

எப்பவும் இப்படி நல்ல மனுஷனாத்தான் வருவாரா?

பெர்ஃபெக்ட் டேஸை மட்டும் பார்த்தவர்கள் கேட்பது. 2018இல் வந்த தி பிளட் ஆஃப் வுல்வ்ஸ் போட்டுப் பாருங்கள். ஹிரோஷிமா பக்கம், 1988, தாதாக்களோடு கூடிக் குலாவிக் கையூட்டு வாங்கும் போலீஸ்காரர் ஒகாமி, கெட்ட வார்த்தையும் சிகரெட்டுமாக வருவார். அதே முகம்தானா என்று சந்தேகம் வரும். 2014இல் வந்த தி வேர்ல்ட் ஆஃப் கனாகோவில் காணாமல்போன மகளைத் தேடும் தகப்பன், பார்க்கவே பயமாக இருப்பான். ஹிரோகசு கொரேஎதாவின் தி தேர்ட் மர்டரில் கொலைக் குற்றவாளி மிசுமி, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு முறையும் ஒரு கதை சொல்வான். ஒரு காட்சியில் கண்ணாடியில் வக்கீலின் முகமும் இவர் முகமும் ஒன்றின் மேல் ஒன்று படியும்.

எனக்கு இவற்றைவிட நெருக்கமானது மிவா நிஷிகாவா 2020இல் எடுத்த அண்டர் தி ஓப்பன் ஸ்கை. 13 வருடச் சிறைக்குப் பிறகு வெளியே வரும் முன்னாள் யகுசா, அதாவது ஜப்பானிய தாதா, மிகாமி. மனசு குழந்தை மாதிரி, கோபம் வந்தால் அடக்கத் தெரியாது. முதியோர் இல்லத்தில் வேலை கிடைக்கிறது, கூட வேலை செய்யும் ஒரு மாற்றுத்திறனாளிப் பையனைச் சக ஊழியர்கள் கிண்டல் செய்கிறார்கள். பழைய மிகாமியாக இருந்தால் அடித்திருப்பான். இப்போது ஊரோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகக் கோபத்தை விழுங்கிவிட்டு ஒப்புக்குச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு இரண்டு நாள் எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

ஹாலிவுட்ல ஏன் நிலைக்கல?

2005இல் கெய்ஷா படத்தில் நொபு என்ற தொழிலதிபர், 2006இல் பாபெல் படத்தில் காது கேளாத மகளின் தகப்பன். இரண்டும் சின்னப் பாத்திரங்கள்தான். அந்த வழியில் போக அவர் பெரிதாக முயலவில்லை. தேவையும் இருக்கவில்லை. அதே காலத்தில் ஊரில் இமாமுரா, குரோசவா, அவோயாமா, மிதானி, ஹராதா என்று அவருக்காகவே பாத்திரம் எழுதும் இயக்குநர்கள் இருந்தார்கள்.

கடைசியில் கானில் விருது வாங்கித் தந்ததும் ஒரு வெளிநாட்டு இயக்குநரின் படம்தான், ஆனால் வெண்டர்ஸ்தான் ஜெர்மனியிலிருந்து தோக்கியோ வந்து ஜப்பானிய மொழியில் எடுத்தார். சுமார் 17 நாளில் முடித்த படம் அது.

கான்ல இந்த விருதை வாங்கின முதல் ஜப்பானியர் இவர்தானா?

இரண்டாவது. முதலில் வாங்கியவர் யூயா யகிரா, 2004இல், கொரேஎதாவின் நோபடி நோஸ் படத்துக்காக. அப்போது அவருக்கு 14 வயது. 14 வயதுப் பையனுக்கும் 67 வயதுக்காரருக்கும் ஒரே விருது.

உனாகிக்காக இமாமுரா சார்பில் அதே மேடையில் ஏறினார் என்று மேலே சொன்னேனே, அதிலிருந்து 26 வருடம் கழித்துத் தன் பெயரைச் சொல்லி அழைத்தபோது ஏறினார். அடுத்த வருடம் ஜப்பான் அகாடமியும் இதே படத்துக்குச் சிறந்த நடிகர் விருது கொடுத்தது.

பெர்ஃபெக்ட் டேஸே கழிப்பறைக்கு எடுத்த விளம்பரம்னு சொல்றாங்களே?

இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. தோக்கியோவின் ஷிபுயா வட்டத்தில் பெரிய கட்டடக் கலைஞர்களைக் கொண்டு 17 பொதுக் கழிப்பறைகள் கட்டினார்கள், உள்ளே போய்த் தாழ் போட்டால் கண்ணாடிச் சுவர் மங்கிவிடும் ஒன்றைப் படத்திலும் பார்த்திருப்பீர்கள். அந்தத் திட்டத்தைப் பற்றிக் குறும்படங்கள் எடுக்கலாமே என்றுதான் வெண்டர்ஸை அழைத்தார்கள். அவர் முழுநீளப் படமாகவே எடுக்கிறேன் என்றார். திட்டத்தைத் தொடங்கியவரே தயாரிப்பாளர், கூட எழுதியவர் விளம்பரத் துறையில் இருப்பவர். கழிப்பறைகளெல்லாம் நம்ப முடியாத அளவுக்குச் சுத்தமாக இருப்பதும், ஹிராயாமாவின் சம்பளம் போதுமா என்று படம் கேட்காததும் இதனால்தான் என்று விமர்சித்தவர்கள் ஜப்பானிலேயே உண்டு.

என் பதில் இது. படம் எங்கே அழகுக்காகப் பூசி மெழுகுகிறதோ அங்கே யகுஷோ அதற்கு எதிராக இழுக்கிறார். கூட வேலை செய்யும் பையன் திடீரென்று நின்றுவிட, இரண்டு ஆள் வேலையையும் ஒருவராகச் செய்துவிட்டு இரவில் போனில் கத்துவாரே, "தினமும் என்னால் முடியாது" என்று, படத்தில் அவர் குரல் உயரும் ஒரே இடம் அது. மகிழ்ச்சியான ஏழை என்ற பொம்மையாக அந்த மனிதர் ஆகிவிடாமல் காப்பாற்றுவது அந்தக் களைப்புதான்.

ஹிராயாமா பணக்கார வீட்டுப் பிள்ளையா? கடைசில அழறாரா சிரிக்கிறாரா?

தங்கை டிரைவர் வைத்த பெரிய காரில் வருகிறாள், நிஜமாகவே கழிப்பறைதான் கழுவுகிறாயா என்று கேட்கிறாள், அப்பாவைப் போய்ப் பார் என்கிறாள், அவர் மறுக்கிறார், கட்டிப்பிடித்துவிட்டு அவள் போன பிறகு நின்று அழுகிறார். படம் தருவது இவ்வளவுதான். வசதியான குடும்பம், அப்பாவோடு தீராத ஏதோ ஒன்று, வேண்டாம் என்று விட்டு வந்த வாழ்க்கை. ஹிராயாமா என்ற பெயர் பழைய ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் குடும்பக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வேறொரு படத்தில் நல்ல வீட்டில் அப்பாவாக உட்கார்ந்திருக்க வேண்டியவர் இங்கே வந்துவிட்டாரோ என்று எனக்குத் தோன்றும்.

கடைசிக் காட்சியில் விடியலில் வண்டி ஓட்டுகிறார், வண்டிக் கேசட்டில் நினா சிமோன் பாடுகிறார், கேமரா அவர் முகத்தை விட்டு அசையவே இல்லை. இரண்டும் நடக்கிறது, அழுகை வரும் நேரத்தில் சிரிப்பும் சிரிப்பின் நடுவில் அழுகையும். முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள் என்றேன் அல்லவா, இங்கே மட்டும் முகத்தைப் பாருங்கள்.

டைரக்ட் பண்ணியிருக்காரா?

ஒரே ஒரு படம், 2009இல் வந்த டோட்ஸ் ஆயில், நாயகனும் அவரே. இவர் ரசிகர்கள் பார்க்கலாம், மற்றவர்களுக்கு அவசரமில்லை.

சரி, எதுல ஆரம்பிக்கிறது?

வீட்டில் எல்லோரோடும் என்றால் ஷால் வீ டான்ஸ். தனியாக, ராத்திரியில் என்றால் க்யூர், ஆனால் பயம் கடைசியில் தீரும் என்று எதிர்பார்க்காதீர்கள். வாள் சண்டை வேண்டுமென்றால் தகாஷி மீகேவின் 2010 படம் 13 அசாசின்ஸ். கொடுங்கோல் பிரபு ஒருவனைக் கொல்ல ஆள் சேர்க்கும் தலைவர் ஷின்சாயெமோன் இவர், இளமையில் டிவியில் பழகிய வாள் அங்கே எவ்வளவு கனமாகத் திரும்பி வருகிறது பாருங்கள். அடுத்த வருடம் அதே மீகே ஹராகிரியை மறுபடி எடுத்தபோது குருநாதர் நடித்த பாத்திரத்தில் வேறொருவர் நடித்தார், எதிரே உட்கார்ந்து அந்தக் கதையைக் கேட்கும் பிரபு வீட்டு அதிகாரியாக யகுஷோ. பழைய படத்தையும் புதியதையும் தெரிந்தவர்களுக்கு அந்த இருக்கை மாற்றம் ஒரு தனி ருசி.

இவையெல்லாம் பிடித்துவிட்டால் அண்டர் தி ஓப்பன் ஸ்கை, அப்புறம் யுரேகா. உனாகியின் முதல் பத்து நிமிடத்தில் வரும் கொலை மிகக் கொடூரம், குழந்தைகள் பக்கத்தில் இருக்கும்போது போடாதீர்கள்.

கான் விருதுக்கு அப்புறம் ஓய்வு எடுத்துட்டாரா?

இல்லை. விருது வாங்கிய அதே 2023இல் தி டேஸ் வந்தது, டிபிஎஸ் சேனலின் பெரிய தொடரான விவாந்த் வந்தது, அதில் நொகோன் பெகி என்ற ரகசிய அமைப்பின் தலைவர். கவிஞர் கெஞ்சி மியாசவாவின் அப்பாவாக நடித்த படமும் அதே வருடம்தான்.

2024இல் ஹக்கென்தென் படத்தில் 19ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் பாகின் வேடம். பாகின் ஹக்கென்தென் என்ற நெடுங்கதையை 28 வருடம் எழுதியவர், நடுவில் கண் பார்வை போய்விட்டது, எழுத்துப் பழக்கம் அதிகம் இல்லாத மருமகளை உட்காரவைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிச் சொல்லி எழுதவைத்துக் கதையை முடித்தார். அந்த 28 வருட முதுமையையும் யகுஷோ ஒரே படத்துக்குள் நடித்திருக்கிறார். படத்தில் பாதி நேரம் பாகின் கற்பனை செய்யும் சாகசக் கதை ஓடுகிறது, கிராபிக்ஸும் சண்டையுமாக. எனக்குப் பிடித்தது மற்றப் பாதிதான், ஒரு கிழவர் தரையில் உட்கார்ந்து தூரிகை பிடித்திருப்பது, பிறகு தூரிகை பிடிக்க முடியாமல் போன அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு கதை சொல்வது.